'எந்த ஊர்?' என்னும் கேள்வி

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிச் செல்லும் மாணவனை எதிர்கொள்ளும் முதற்கேள்வி பாடத்தைப் பற்றியதன்று, ஊரைப் பற்றியதாகும். "எந்த ஊர்?" என்று விடுதியில் உடனுறையும் மாணவர் கேட்கின்றனர். "ஹட்டன்" என்கிறான் அவன். ஹட்டனுக்கும் அவன் பிறந்த தோட்டத்துக்கும் இடையிலே டிக்கோயாவும் நோர்வூட்டும் வளைந்து செல்லும் மலைப்பாதையும் கிடக்கின்றன. ஆயினும் அவன் ஹட்டன் என்றே சொல்கிறான். "ஹட்டனில் எவ்விடம்? டவுனா, தோட்டமா?" என்று கேள்வி நீளுமாயின் அவன் முகம் சிறுத்துவிடுகின்றது. இஃது ஒரு மாணவனின் கதையன்று. மலையகத்திலே கற்பிப்போரும் கற்போரும் தம் வாழ்க்கையிலே நன்கறிந்த செய்தியே இது.

கேள்வி கேட்டவன் தீயவன் அல்லன். நல்ல படிப்பாளியாகவும், மனிதர் யாவரும் சமம் என்று மேடையிலே பேசுபவனாகவுங்கூட அவன் இருத்தல் கூடும். ஆயினும் 'தோட்டம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுள்ளத்தில் ஒரு படம் எழுகின்றது. கொழுந்துக் கூடை, கறுப்புக் கம்பளி, சாராயம், எழுத்தறியாமை, துரைமுன் குனிந்த தலை, இந்தியாவிலிருந்து நேற்று வந்தவன் என்ற நினைவு ஆகிய யாவும் அந்தப் படத்தில் அடங்கியிருக்கின்றன. எதிரே நிற்பவனோ தன்னைப் போலவே பரீட்சை எழுதித் தேறி வந்தவன். அந்த உண்மை கண்முன் நின்றும் படம் கலையவில்லை. இப்படத்தை வரைந்தவர் யாவர், எக்காலத்தில் வரைந்தனர், எவருடைய நலங்கருதி வரைந்தனர் என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

இத்தகைய படங்களுக்கு ஒரு பெயரைத் தேடியவர் அமெரிக்கப் பத்திரிகையாளராகிய வால்ட்டர் லிப்மன். 1922 இல் வெளிவந்த தமது நூலிலே, அச்சுக்கூடத்திலிருந்து அவர் ஒரு சொல்லை எடுத்தாண்டார். கோத்த எழுத்துக்களை ஒரு முறை அச்சில் வார்த்து ஈயத் தகடாக்கிவிட்டால், பின்னர் எத்தனை ஆயிரம் தாள் அடித்தாலும் ஓரெழுத்தும் மாறாது. மக்கட் கூட்டங்களைப் பற்றி நம் மனத்தில் உறைந்த எண்ணங்களும் அத்தகைய வார்ப்புகளே என்றார் அவர். 1933 இல் கட்ஸ், பிறேலி என்னும் இரு ஆய்வாளர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் நூற்றுவரிடம் பத்து இனத்தவரின் பெயர்களைக் கொடுத்து, அவர்தம் குணங்களைத் தெரிவு செய்யும்படி கேட்டனர். தாம் நேரில் கண்டு பழகியிராத துருக்கியரைக் 'கொடியவர்' என்று குறிக்க அம்மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தயங்கவில்லை. அவ்வெண்ணம் பழக்கத்தினால் வந்ததன்று. கேள்வியினாலும் வாசிப்பினாலும் வந்தது.

இதனினும் நமக்கு அண்மையான சான்று இந்தியாவிலிருந்து கிடைக்கின்றது. சிங்ஹா, உபாத்யாய என்னும் இருவர் 1959 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மாணவரிடம் சீனரின் குணங்களைக் கேட்டனர். நட்புடையவர், உழைப்பாளிகள், முன்னேற்றம் விரும்புவோர் என்றவாறு விடைகள் வந்தன. எல்லைத் தகராறு மூண்டபின், அவ்வாண்டின் இறுதியில் அதே கேள்வியை மீண்டுங் கேட்டபொழுது, ஆக்கிரமிப்பாளர், வஞ்சகர், போர்வெறியர் என்று அம்மாணவர் எழுதினர். பத்து மாதத்தில் சீன மக்களின் குணம் மாறிவிட்டதா? மாறியது அரசுகளுக்கிடையேயிருந்த உறவேயன்றி வேறன்று. உறவு மாறியதும் படம் மாறிற்று. ஆதலால் ஓர் இனத்தைப் பற்றிய படத்தை விளங்கிக் கொள்ள விரும்புவோர், அவ்வினத்தாரின் குணத்தை ஆராய்வதைவிட, அவர்களுக்கும் படத்தை வரைந்தவர்க்கும் இடையேயிருந்த உறவை ஆராய்தலே முறையாகும்.

அவ்வுறவைத் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பொகவந்தலாவையிலேயே ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த புனித மரியாள் ஆலயம் இருக்கின்றது. அதன் வளவிலே கணவன் மனைவியாகிய இருவர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று நாம் பாடப்புத்தகங்களிற் கற்பிக்கின்றோமே, அந்தக் கமரன் இவரே. அவ்வாணைக்குழுவின் சிபாரிசுகளின் வழியே இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. ஐரோப்பியர்க்கும் இந்நாட்டவர்க்கும் ஒரே நீதிமன்றம் என்ற கொள்கை 1833 இல் இடம்பெற்றது. அதே கமரன் பின்னர் இந்நாட்டிலே பெருங் கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளரானார் என்பதும் நாம் மறக்கலாகாத செய்தி. சட்டத்தின்முன் சமத்துவத்தை விதித்தவரும், தோட்டத்தின் இலாபத்தை அனுபவித்தவரும் ஒருவரே.

மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படக் கலையின் தொடக்க காலத்து மேதைகளுள் ஒருவராக உலகம் இன்றும் போற்றும் பெண்மணி. டெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலியோரின் முகங்களை அழியாத படங்களாக்கியவர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 சனவரியில் இம்மலைநாட்டிலேயே காலமானார். இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் சிலவே இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றிலே உழைக்கும் மக்களின் முகங்கள் உள்ளன. கூர்ந்த கண்களும் சோர்ந்த தோள்களும் உள்ளன. ஆயின் பெயர்கள் இல்லை. இங்கிலாந்திலே எடுத்த படத்தின் கீழே 'டார்வின்' என்றிருக்கும். இங்கெடுத்த படத்தின் கீழே 'இளம்பெண், இலங்கை' என்பது போன்ற குறிப்பே இருக்கும். அப்பெண்மணியின் கலைத்திறனையோ அவரது அனுதாபத்தையோ நாம் குறைகூறவில்லை. ஒருவனுக்குப் பெயர் உண்டு என்றும், மற்றொருவனுக்கு இனம் மட்டுமே உண்டு என்றும் எண்ணிய ஒரு காலத்தின் வழக்கத்தையே சுட்டுகிறோம். பெயர் போனபின் எஞ்சுவது வகை. வகை மட்டும் எஞ்சிய இடத்திலே வார்ப்பு எளிதாகின்றது.

அக்கோப்பிக் காலத்திலே துரைமார் இரண்டு படங்களை ஒருங்கே வரைந்தனர். சிங்களவன் சோம்பேறி என்பது ஒன்று. தமிழ்க்கூலி அடக்கமானவன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். கண்டிச் சிங்களக் குடியானவனுக்கு வயல் இருந்தது, சேனை இருந்தது. அவன் தன் வீட்டு வளவிலேயே கோப்பி வளர்த்து விற்றான். காடு வெட்டும் வேலையைக் குத்தகைக்கு ஏற்றான். மாட்டு வண்டியில் கோப்பி ஏற்றிச் சென்றான். அவன் மறுத்தது ஒன்றே: துரை குறித்த அற்பக் கூலிக்கு, துரை குறித்த நேரத்தில், ஆண்டு முழுவதும் தோட்டத்திலே கட்டுண்டு கிடப்பதை மறுத்தான். அம்மறுப்புக்கே சோம்பல் என்று பெயரிட்டனர். மலாயரையும் யாவகத்தாரையும் பிலிப்பைன் மக்களையும் பற்றி இதே பழி எழுந்த வகையை, சையத் ஹுசைன் அலத்தாஸ் என்னும் அறிஞர் 1977 இல் வெளியிட்ட நூலிலே விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். பயிர் எதுவாயினும், கடல் எதுவாயினும், குடியேற்றவாதிகளின் ஏட்டிலே இப்பழி ஒன்றாகவே இருந்தது.

'அடக்கமான தமிழ்க்கூலி'யின் கதை இன்னும் கொடியது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலே நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் அம்மக்களைத் துரத்தின. 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அவற்றுள் ஒன்று. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழிநெடுகப் பலியாகி, எஞ்சியோர் மாத்தளையை அடைந்தனர். கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கடன் அவர்களுக்கு முன்பே தோட்டத்தை வந்தடைந்தது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். துண்டுமுறை 1921 இலேதான் ஒழிந்தது. ஒருபுறம் கடன், மறுபுறம் சிறை என்றிருந்த நிலையிலே தலைநிமிராதவனை அடக்கமானவன் என்று புகழ்வது, விலங்கிட்டவனை அசையாதவன் என்று மெச்சுவதற்கு ஒப்பாகும்.

தமிழிலே கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். தோட்டத்து ஏட்டிலோ அது மனிதனுக்கே பெயராயிற்று. செக்ரோலில் அவன் ஓர் எண். பிரட்டுக்களத்தில் அவன் ஓர் ஆள். ஆயினும் அந்த ஆட்கள் தலைநிமிர்ந்த நாள்களும் உண்டு. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பத்திரிகையாலும் பாட்டாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். 1937 இல் பிறேஸ்கேடில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர், சின்னத்துரையாக வேலைபழக வந்தவர், நாவலப்பிட்டிக் கூட்டத்திலே தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டதும், உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்று தீர்த்ததும் நாடறிந்தவை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானான். அதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவன் மனைவியின் சார்பில் வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அடக்கமானவர் என்ற படத்தை அவர்களே கிழித்தெறிந்தனர். ஆனால் கிழித்த செய்தி பாடப்புத்தகத்தை எட்டவில்லை, படமே எட்டியது.

துரைமார் வரைந்த படங்கள் அவர்களுடன் கப்பலேறிப் போய்விடவில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தினால், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலமும் சேனை நிலமும் அரசுக்குரியனவாயின. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. நிலத்தை எடுத்தது அரசு, வாங்கியது மூலதனம். ஆயின் கிராமத்துச் சிங்களவனின் கண்ணுக்குத் தெரிந்தவை அரசும் அன்று, இலண்டன் கம்பனியும் அன்று. மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்ணே தெரிந்தாள். அவனுடைய நியாயமான கோபம் அவள்மேற் பாய்ந்தது. நிலமிழந்தவனும் நிலமே இல்லாதவளும், பிறர் வரைந்து கொடுத்த படங்களின் வழியே ஒருவரையொருவர் நோக்கத் தொடங்கினர்.

அங்கிருந்தே 'கள்ளத்தோணி' என்ற சொல் கிளைத்துப் பெருகிற்று. இச்சொல்லினும் பெரிய வரலாற்றுப் பொய்யைக் காண்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் 'தகரச் சீட்டு' என்னும் முறையைக் கையாண்டனர். தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரவில்லையை அணிந்துகொண்டே அம்மக்கள் கடல் கடந்தனர். மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, எண்ணி எழுதப்பட்டு அவர்கள் வந்தனர். உலகத்தில் வேறெந்தக் குடிபெயர்வும் இத்துணை எச்சரிக்கையாகக் கணக்கெழுதி நடந்திருக்குமோ என்பது ஐயமே. இந்திய அரசு 1939 இல் தடைவிதிக்கும் வரை இவ்வழி திறந்திருந்தது. கோப்பிக் காலத்தில் பருவந்தோறும் வந்து திரும்பியவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு இங்கேயே நிலைத்தனர். கழுத்திலே எண்ணைக் கட்டி அழைத்து வந்தவனின் பேரனைக் களவாக வந்தவன் என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

பொருத்தம் பார்த்து எழுந்ததன்று அச்சொல். அரசியற் பயன் பார்த்து எழுந்தது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இருவேறு தலைப்புகள் இடப்பட்டன. 1946 இல் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை, குமாரவேலு, மோத்தா, இராஜலிங்கம், இராமானுஜம், சுப்பையா என்போர் அவ்வெழுவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குக் கைகொடுத்தது. ஆளுங் கட்சி அஞ்சியது இதற்கே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களின் நாட்டையும் வாக்கையும் பறித்தன. 1953 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் இச்சட்டங்கள் செல்லும் என்றது. முதலில் உரிமை பறிபோயிற்று. பறித்ததை நியாயப்படுத்த வசைச்சொல் வளர்க்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவராகிய 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என்பது ஏற்பாடு. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சியோரின் வழக்கு முற்றுப்பெறுவதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதுகாறும் ஆங்கிலேயரையும் சிங்களப் பேரினவாதத்தையும் குறைகூறினோம். இவ்விடத்தில் நிறுத்திக் கொண்டால் நாம் நேர்மையுடையோர் ஆகமாட்டோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் தமிழ்ச்சொல். அது சிங்களவர் வாயிற் பிறந்ததன்று. தமிழர் வாயிற் பிறந்தது. தோட்டத்திலே கணக்கப்பிள்ளையாகவும் கிளாக்கராகவும் ஆசிரியராகவும் வந்த வடபுலத்தாருட் பலர், லயத்து மக்களோடு ஒரே மொழி பேசினர்; ஆயினும் ஒரே பாயில் அமரவில்லை. மொழி ஒன்றாயிருந்தும் சாதியும் தொழிலும் நடுவே நின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வசதிபடைத்த வீடுகளின் அடுக்களையிலே தோட்டத்துச் சிறுமியர் வேலைக்காரிகளாயினர். அவ்வீட்டுப் பிள்ளைகள் மலையகத்தை அறிந்தது அடுக்களை வாயில் வழியேதான். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய மலையக மக்கள், அங்கும் பெரும்பாலும் பிறர் நிலத்தில் கூலிகளாகவே வாழ நேர்ந்தது. தமிழர் என்பதால் அடிபட்டு ஓடியவர்கள், தமிழர் நடுவே தோட்டக்காட்டார் ஆயினர்.

முற்போக்காளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964 சூனில் கூட்டரசாங்கத்தில் அமர்ந்தது. அதே ஆண்டில் அவ்வரசாங்கமே மேற்கூறிய ஒப்பந்தத்தைச் செய்தது. வாக்கில்லாத தொழிலாளி வர்க்கத்தைத் தொழிலாளி வர்க்கம் என்று எண்ணுவதை நாம் மெல்ல மெல்ல மறந்தோம். நம்முடைய கதைகளிலும் பாட்டுகளிலும் அவன் கண்ணீருக்குரியவனாகவே வந்தான். சிந்திப்பவனாக, முரண்படுபவனாக, நகைப்பவனாக வந்தது குறைவு. இரக்கத்திலிருந்து வார்த்த வார்ப்பும் வார்ப்பே என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

'தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்ற வார்ப்பைப் பல்கலைக்கழகத்தில் அடிக்கடி கேட்கிறோம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடமே ஒப்படைத்தது. பிள்ளையின் கைவிரல் கொழுந்துக்குப் பயன்படும் என்று கணக்கிடுபவனிடம் அப்பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் பணி கொடுக்கப்பட்டது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே பெரும்பாலான பாடசாலைகளின் நிலை. 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை ஏற்றிச் சென்றது. தோட்டப் பாடசாலைகளோ அவ்வேற்பாட்டுக்கு வெளியே கிடந்தன. 1970களிலேதான் அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கிற்று. ஏணியின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு, ஏறத் தெரியாதவன் என்று ஏளனம் செய்தனர். 1952 தொடக்கம் பேராதனையில் எழிலுற நிற்கும் பல்கலைக்கழகம், நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பாதிக்கு மேல் தேயிலை ஈட்டித்தந்த காலத்திலே வளர்ந்தது என்பதையும் இங்கு நினைத்தல் தகும். அக்கட்டடத்திலே தோட்டத்துப் பெண்ணின் வியர்வை இருந்தது. அவள் பிள்ளைக்கு வாசல் இருக்கவில்லை.

குடி என்ற பழியும் இத்தகையதே. சாராயக் கடைகளுக்கு உரிமம் விற்று வருமானம் பெற்றது அரசு. குளிரும் நனைந்த கம்பளியும் ஒற்றையறையும் கொடுத்தது தோட்டம். பழி மட்டும் குடித்தவனைச் சேர்ந்தது. குடி கேடில்லை என்று நாம் வாதாடவில்லை. சம்பள நாளிலே அதனால் அழும் பெண்களை நாம் அறிவோம். ஆயின் ஒரு தீமையின் காரணத்தை ஓரினத்தின் இரத்தத்தில் தேடுவோர், அத்தீமையை என்றும் நீக்கமாட்டார்.

மலையகத்தாராகிய நம்முள்ளும் அச்சுக்கூடங்கள் உண்டு. 'மோட்டுச் சிங்களவன்' என்றும் 'பனங்கொட்டை சூப்பி' என்றும் நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டும் கேளாதவர்போல் இருந்திருக்கிறோம். பெரிய கங்காணி வீட்டாரின் பேரன் லயத்துப் பிள்ளையை நோக்கும் பார்வையும், மேல் லயத்தார் கீழ் லயத்தாரைச் சாதி சொல்லி விலக்கும் வழக்கமும் நாம் அறியாதனவல்ல. பிறர் நம்மேல் அழுத்திய முத்திரையை நாம் வேறொருவர்மேல் அழுத்திக் கொண்டிருக்கையில், முத்திரையே கூடாது என்னும் நம் முறையீடு வலுவிழந்து போகின்றது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வார்ப்பு தானே அழியாது, ஆயினும் அழியக்கூடியதே. பிரின்ஸ்டனில் 1951 இல் வெளியான மறு ஆய்விலே, முழு இனத்தையும் ஒரு சொல்லால் குறிக்கச் சொல்வது நியாயமா என்று மாணவர் பலர் தயங்கினர். பழைய ஒருமித்த விடைகளும் பெரிதும் தளர்ந்திருந்தன. நம் நாட்டிலும் அத்தளர்ச்சிக்கு வித்திட்டோர் உளர். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் 1960களில் ஒரு தலைமுறையைத் தலைநிமிரச் செய்தனர். 'இந்தியத் தமிழர்' என்று பிறர் இட்ட பெயருக்கு மாற்றாக 'மலையகத் தமிழர்' என்று அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அவ்வெழுச்சியிலே வலுப்பெற்றது. 2023 இல், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே மலையகத்தாரும் அவர்தம் நண்பர்களும் நடந்தனர். அது சடங்கன்று, மறந்த வரலாற்றைக் காலால் படித்த பாடம்.

ஆசிரிய நண்பர்கள் இப்பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு மாணவனும் தன் தோட்டத்தின் கதையை, தன் பாட்டியின் பெயரோடும் அவள் வந்த ஊரின் பெயரோடும் எழுதட்டும். கமரன் அம்மையார் எழுதாது விட்ட பெயர்களை நம் பிள்ளைகள் எழுதட்டும். பல்கலைக்கழக மாணவர்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக, 1840 ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தையும் 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தையும் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கட்டும். நிலமிழந்த கண்டிக் குடியானவனின் பேரனும் உரிமையிழந்த தோட்டத் தொழிலாளியின் பேத்தியும், தம் பாட்டன்மாரை ஏய்த்த கை ஒன்றே என்பதை அம்மேசையிலே காண்பர்.

ஆயினும் படிப்பினால் மட்டும் இவ்வார்ப்பு உருகிவிடும் என்று நாம் நம்பவில்லை. 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு மாணவன் தயங்குவது வெட்கத்தினால் மட்டுமன்று. நெடுங்காலம் லயத்துக் குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து அங்கிருந்தே கைமாறியது. ஐந்து தலைமுறை வாழ்ந்த அறை அவர்களுடையதன்று. அது நின்ற நிலமும் அவர்களுடையதன்று. வேலை போனால் வீடு போகும் என்ற நிலையிலே ஊர் என்று எதனைச் சொல்வது? ஓர் ஏற்பாட்டின் நிழலே வார்ப்பு. ஏற்பாடு நிற்க, நிழலை மட்டும் துடைத்தல் இயலாது. ஆதலால் காணியும், சொந்த வீடும், அவற்றுக்குரிய முகவரியும், வாழத்தக்க ஊதியமும் கேட்டு மலையகம் நடத்தும் போராட்டம், பல்கலைக்கழக விடுதியிலே அவமதிப்புக்கு எதிராக நடக்கும் போராட்டத்தின் மறுபாதியேயாகும்.

பொகவந்தலாவை ஆலய வளவிலே கமரன் தம்பதியினர் அமைதியாக உறங்குகின்றனர். அவர்களின் கல்லறையை நாடிக் கடல் கடந்தும் அன்பர் வருகின்றனர், வரட்டும். அவ்வளவைச் சூழ்ந்த சரிவுகளிலே, தேயிலைத் தூரின் கீழே, பெயர் பொறித்த கல்லின்றி உறங்குவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் பேரப்பிள்ளை நாளை பேராதனைக்கு வருவான். 'எந்த ஊர்?' என்று அவனை நாம் கேட்கத்தான் செய்வோம், கேட்பதிற் குற்றமில்லை. அவன் தன் தோட்டத்தின் பெயரைத் தயங்காது சொல்லவும், கேட்டவன் அதனை ஓர் ஊரின் பெயராகவே ஏற்றுக்கொள்ளவும் தக்க நாட்டை ஆக்குவது நம் கடன்.